எதற்கு அவசரம், எதற்கு அவசரமில்லை: துணை நிற்கும் ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: திருச்சிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகவும் ஹாஸ்டல் துணை வார்டனாகவும் இருக்கிறேன். இந்த ஆண்டு கல்லூரியில் 'மாணவியர் துணைக் குழு' என்று ஒன்று தொடங்கி, என்னையும் எம்.ஏ. மாணவிகள் இருவரையும் அதில் போட்டிருக்கிறார்கள். பயிற்சி எதுவும் இல்லை, ஒரு சர்க்குலர் மட்டும் வந்தது. ஏற்கெனவே ஐசிசியிலும், அதாவது பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுவிலும், நான் உறுப்பினர். போன மாதம் முதலாமாண்டு மாணவி ஒருத்தி இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மேம்" என்றாள். பண்ணிவிட்டேன். அந்த வாரம் சீனியர் மாணவன் ஒருவன் அவளிடம் அத்துமீறியிருக்கிறான். இன்னொருவர் பிஎச்.டி. செய்யும் திருமணமான பெண். கொஞ்ச நாளாகக் கழுத்தில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வருகிறார். கணவர் அடிக்கிறார் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் யாரிடம் சொல்ல வேண்டும்? முதல்வரிடமா, பெற்றோரிடமா, போலீசிலா? முதலாமாண்டுப் பெண் இப்போது என்னைக் கண்டாலே வேறு பக்கம் போய்விடுகிறாள். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை.

பதில்:

அந்தச் சத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இல்லை. ராத்திரி நேரத்தில் ஒரு பிள்ளை கண் கலங்கி வாசலில் நின்றால் யாராக இருந்தாலும் தலையை ஆட்டத்தான் செய்வோம். உள் புகார்க் குழுக்களுக்கு வெளி உறுப்பினராகப் போகத் தொடங்கிய காலத்தில் நானும் ஆட்டியிருக்கிறேன். ஆனால் முதலாமாண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு வந்து சேரும் பிள்ளைகளில் பலருக்குப் பதினேழு வயதுதான் ஆகியிருக்கும். சம்பவம் நடந்த நாளில் அவளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கவில்லை என்றால் அது போக்சோவில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில், வரும். அந்தச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. முதல்வரிடம் சொல்லிவிட்டேன், ஐசிசியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதெல்லாம் இதற்கு ஈடாகாது.

ஆகவே இன்றைக்கே அவளுடைய பிறந்த தேதியைப் பாருங்கள். அலுவலகத்தில் போய் அவள் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். வகுப்புப் பட்டியல் முழுவதையும் வாங்கிப் பாருங்கள். ஒரு பெயரை மட்டும் கேட்டால் மதியத்துக்குள் அது ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடும். வயது பதினேழுதான் என்று தெரிந்தால், போலீசுக்குப் போவதற்கு முன் அவளிடம் போங்கள். "அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு உரிமையே இல்ல, தெரியாம கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்குவது முடிந்தவரை பெண் எஸ்.ஐ.யாக இருக்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது, அவள் விரும்பும் இடத்தில் வைத்துதான் வாங்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம்; 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் அதற்கு இடமிருக்கிறது. நிறைய பேர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை. கேளுங்கள்.

இனிமேல் யார் கதவைத் தட்டினாலும், அவள் வாயைத் திறப்பதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நான் எங்கள் தன்னார்வப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்படி: "நீ சொல்றது என்னைத் தாண்டிப் போகாது. ஆனா உனக்கு இன்னும் பதினெட்டு ஆகலைன்னாலோ, உன் உயிருக்கே ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, நான் சிலர்கிட்ட சொல்லியே ஆகணும். அதை மனசுல வச்சுக்கிட்டு, எவ்வளவு சொல்லணும்னு தோணுதோ அவ்வளவு சொல்லு." இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். போகட்டும். பெண்கள் உதவி எண் 181-ஐ மட்டும் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டதாக நினைக்காதவள் இன்னொரு நாள் வருவாள்.

சரி, அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முடிவு முழுக்க அவளுடையது. துணை நிற்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: எதற்கு அவசரம், எதற்கு அவசரமில்லை. இந்த வேலையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று உடம்பினுடையது, அது மணிக்கணக்கு. இன்னொன்று காகிதத்தினுடையது, அது மாதக்கணக்கு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் மாற்றிப் பிடிக்கிறார்கள். "முதலில் புகாரை எழுது" என்று உட்காரவைத்து விடிய விடிய எழுதவைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம் அதற்குள் கடந்துவிடும்.

உடம்பின் கடிகாரம் 72 மணி நேரம். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அதற்குள் தொடங்க வேண்டும், அதிலும் சீக்கிரம் தொடங்கினால் நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 28 நாள் சாப்பிட வேண்டும். உடலிலிருந்து தடய மாதிரி எடுக்க, மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை இடம் கொடுக்கிறது. குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. குளித்துவிட்டாள் என்றால் அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம்; "ஏன் குளிச்ச?" என்றும் கேட்க வேண்டாம். அன்று போட்டிருந்த துணியைக் காகிதக் கவரில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்று பயப்பட வேண்டியதில்லை. அரசு, தனியார் எதுவானாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ஆவது பிரிவு. மறுப்பது குற்றம். போலீஸ் கடிதம் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று சொன்னால் சண்டை போடுங்கள். மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் புகார் கொடுக்க விருப்பமில்லை என்று அவள் சொன்னால் அதையும் எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். எந்தப் பரிசோதனைக்கும் அவள் சம்மதம் வேண்டும், பாதியில் போதும் என்றால் நிறுத்த வேண்டும். பெண் ஏற்கெனவே உறவு கொண்டவளா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனையைச் செய்யும் மருத்துவர் ஒழுங்கீனம் செய்தவராவார் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. கேஷுவாலிட்டி வேறு மாதிரி இருக்கும். ஓர் ஊர் மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதுபவர், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது மேசையிலிருந்தே "என்ன கேசும்மா?" என்று சத்தமாகக் கேட்டார். என்னோடு வந்த பெண் அப்படியே திரும்பி வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நீங்கள் கூடப் போகிறீர்கள். மேசை அருகே குனிந்து, "டியூட்டி டாக்டர்கிட்ட தனியா சொல்றோம், லேடி டாக்டர் இருந்தா கூப்பிடுங்க" என்று சொன்னால் போதும். ஒரு மாற்று உடை, தண்ணீர் பாட்டில், செருப்பு, போன் சார்ஜர் எடுத்துப் போங்கள். உடையைத் தடயமாக வாங்கிக்கொண்டால் அவள் எதைப் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்புவாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

உங்கள் மாணவிக்கு இந்த 72 மணி நேரம் என்றோ போய்விட்டது. அத்துமீறல் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்; எந்த அளவு என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்களும் அவளைத் தோண்டாதீர்கள். "டாக்டரைப் பார்க்கணும்னு தோணுதா?" என்று ஒரு தரம் கேளுங்கள். கர்ப்பமோ தொற்றோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தால் அந்தக் கேள்வியே அவளுக்குப் போதும்.

இனி காகிதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 ஒழுங்குமுறைகளின்படி சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள் புகார்க் குழுவிடம், அதாவது ஐசிசியிடம், எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. காரணத்தை எழுதி, இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆக உங்கள் மாணவிக்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தையும் யோசிப்பதற்கு அவளிடமே விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை "முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டீர்கள் என்றால், அந்த சீனியரோடு நீங்களும் அவள் தவிர்க்கும் ஆட்களில் ஒருவராகிவிடுவீர்கள். பாலியல் வன்கொடுமை போன்ற கடும் குற்றங்களுக்குப் போலீசில் புகார் தர இந்த மூன்று மாதக் கெடு கிடையாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

அவள் ஐசிசிக்குப் போக முடிவெடுத்தால் நடைமுறை இதுதான்: புகாரின் நகல் ஏழு நாளில் எதிர்த்தரப்புக்குப் போகும், அவன் பத்து நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அந்த ஏழாம் நாளை அவள் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அன்றுதான் அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் விஷயம் தெரியும், போன் அடிக்கத் தொடங்கும். அதற்கு முன்பே இடைக்கால ஏற்பாடுகளைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். அவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாம், அவள் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவிடலாம், அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். எதிர்த்தரப்பு ஓர் ஆசிரியராக இருந்தால் அவளுடைய தாளைத் திருத்துவதிலிருந்தும் இன்டர்னல் மார்க் போடுவதிலிருந்தும் அவரை விலக்கலாம். விடுப்பு உத்தரவு எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் செமஸ்டர் முடிவில் அட்டெண்டன்ஸ் குறைவு, அதற்கான கண்டோனேஷன் கட்டணத்தைக் கட்டு என்று அலுவலகம் அவளைத்தான் நிற்கவைக்கும்.

இங்கே உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்களே ஐசிசி உறுப்பினர். அவளுக்குத் தோள் கொடுத்தவரும் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. அவன் தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். ஒரு நல்ல விசாரணையே அதனால் கவிழ்ந்துவிடும். இந்தப் புகார் வந்தால் விலகுகிறேன் என்று குழுத் தலைவருக்கு எழுதிக் கொடுங்கள், காரணத்தில் பெயர் எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால் இரண்டில் ஒரு பொறுப்பை நிரந்தரமாகவே விட்டுவிடுங்கள் என்பேன். குழுக்களுக்கு உறுப்பினர் கிடைப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்டக்கூடிய கதவுதான் கிடைக்காது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா? பதினெட்டு முடிந்தவளாக இருந்தால், அவள் சொல்லச் சொன்னாலொழிய வேண்டாம். நம் ஊரில் பெண் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெரிய காரணம் குற்றம் செய்தவன் மீதான பயம் என்று நினைக்கிறோம். நான் கேட்டவரையில் அது வீட்டுக்குப் போகும் போன்தான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுத்த மாசம் நிச்சயம் பண்ணிடுவாங்க மேடம்." நல்லெண்ணத்தோடு ஒரு வார்டன் செய்த போனால் டி.சி. வாங்கிக்கொண்டு போன பெண்ணை எனக்குத் தெரியும். எதிர்த்தரப்புப் பையன் அதே கல்லூரியில் டிகிரி முடித்தான். முதல்வரிடமும் இதே கணக்குத்தான். அவர் கையெழுத்துத் தேவைப்படும் காரியம் வரும்போது, அந்தக் காரியத்துக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். விஷயம் தெரிந்ததும் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்கே பூட்டச் சொல்வார். மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்கள் விடுதியில் இல்லாத விதியைப் பெண்கள் விடுதியில் போடக்கூடாது என்று அதே யு.ஜி.சி. ஒழுங்குமுறை சொல்கிறது, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

போலீசுக்குப் போவதாக இருந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக்கூடாது. பெண் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டும். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "விசாரிக்கிறோம், போங்க" என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பாலியல் வன்கொடுமை வழக்கில் அவள் பெயரை வெளியிடுவது, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பர் 23-இல் பாலியல் தாக்குதலுக்கு ஆளான மாணவி பிறகு புகார் கொடுத்தபோது, அவர் விவரங்களோடு எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்டு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது, அந்த மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது, அவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக்கூடாது என்றது. 2025 ஜூன் 2-இல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டு. உங்களிடம் வருகிற பெண் இந்த வழக்கைப் பற்றிக் கட்டாயம் கேட்பாள். கசிந்ததையும் சொல்லுங்கள், தீர்ப்பையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். வழக்கறிஞர் தேவை என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

குறிப்பேடு பற்றி ஒன்று. தேதி, நேரம், அவள் சொன்ன சொற்கள் அப்படியே. "மிகவும் கலங்கியிருந்தாள்", "உண்மை பேசுகிறாள் என்று தோன்றியது" மாதிரி உங்கள் கருத்து எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற பாலியல் வன்முறை ஆலோசகரிடம் சொன்னதைச் சாட்சியச் சட்டமே காக்கிறது. அங்கே கல்லூரி வளாகங்களில் துணை நிற்பவர்களுக்கு அது பெரிய பலம். இங்கே கட்சிக்காரர் தன் வழக்கறிஞரிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு உண்டு, துணை நிற்பவரிடம் சொன்னதற்கு இல்லை. உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் கொடுத்தாக வேண்டியிருக்கும், உங்களையே சாட்சியாகக் கூப்பிடலாம். எம்.ஏ. மாணவிகள் இருவரிடமும் இதைச் சொல்லுங்கள், அப்புறம் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பை அழிக்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு குரூப் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். இருக்கும்.

அடுத்து அந்தத் துப்பட்டா. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் கொடுத்தது அதுதான். தனியாக இருக்கும்போது அவரிடம் நேராகக் கேளுங்கள்: "அவர் உங்க கழுத்தைப் பிடிச்சாரா?" அடித்தாரா என்ற கேள்விக்கு "சும்மா ஒரு அடி" என்று பதில் வரும்; கழுத்தைப் பற்றிக் கேட்டால்தான் உண்மை வரும். கழுத்தை நெரிக்கும் கணவன் பின்னாளில் கொலை வரை போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைத் தனியாகவே குறித்துக்கொள்வார்கள். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, நினைவு தப்பியதா, அந்த நேரத்தில் சிறுநீர் போனதா என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றே மருத்துவமனை. வெளியே தழும்பே இல்லாமல் உள்ளே ரத்தக் குழாய் பாதிக்கப்பட்டு, நாள்கள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

கணவர் விஷயம் ஐசிசியில் வராது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம்தான். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்; அவரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தந்தவர் மீது வழக்கு வராது. ஆனால் அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள், உயிராபத்து என்றால் தவிர. அந்தச் சட்டப்படி அவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயமில்லை, அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை உண்டு. வெளியேற நினைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். 181-இல் கேட்டால் வழி சொல்வார்கள்.

"இன்னும் ஏன் அவனோட இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கிளம்பும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம், அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதற்குப் பதில் ஓர் அலமாரிச் சாவி கொடுங்கள். துறையில் ஒரு லாக்கர்: அசல் சான்றிதழ்கள், ஆதார், பாஸ்புக், கொஞ்சம் பணம், தினம் சாப்பிடும் மருந்து, ஒரு செட் உடை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் வீட்டில் தெரிந்துவிடும். ஃபைலோடு ஃபைலாக ஒவ்வொன்றாக வரட்டும். ஸ்டைபெண்ட் விழும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸ் பகுதியையும் கூகுள் மேப்ஸ் லொக்கேஷன் ஷேரிங்கையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், ஆனால் உடனே அணைக்க வேண்டாம். திடீரென்று அணைந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். எதை, எப்போது அணைப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஆய்வு பாதியில் நின்றுவிடுமோ என்ற பயமும் அவருக்கு இருக்கும். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் மாறும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ள யு.ஜி.சி.யின் பிஎச்.டி. ஒழுங்குமுறை இடம் தருகிறது. கணவன் ஊருக்குப் போகும் பெண்களை மனதில் வைத்து எழுதியது போலத் தெரிகிறது. கணவனை விட்டுப் போகிறவருக்கும் அதே விதிதான்.

கடைசியாக, அவள் ஏன் உங்களைக் கண்டால் ஒதுங்குகிறாள் என்று கேட்டீர்கள். நீங்கள் பெரிதாகத் தவறு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வருகிறது. தவிர, துணைக் குழு மேடத்தோடு நின்று பேசினால் என்ன விஷயம் என்று தோழிகள் கேட்பார்கள். வராந்தாவில் எதிரே வந்தால் மற்ற பிள்ளைகளுக்குத் தலையசைப்பது போலவே தலையசையுங்கள். குரலைத் தாழ்த்தி "எப்படிம்மா இருக்க?" என்று கேட்க வேண்டாம், தோளைத் தொட வேண்டாம். வயதைப் பார்த்துவிட்டு எப்படியும் ஒரு முறை அவளிடம் பேசத்தான் போகிறீர்கள். அப்போது சொல்லிவிடுங்கள்: "வெளியில பார்த்தா நானா வந்து பேசமாட்டேன். உனக்குப் பேசணும்னா அசைன்மென்ட் நோட்டை என் மேசையில வச்சுட்டுப் போ."